மழை பொய்த்த வருஷத்திலும் ஊர்க் கலைஞர்களின் செட்டு கலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பெரியாறு அணைத் தண்ணீர் மதுரை மேலூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத வருஷம் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் வெள்ளாமை இல்லை; வெள்ளாமை இல்லாவிட்டால் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் திருவிழா வரி) வராது. அந்த வருஷம் திருவிழாச் செலவைக் குறைக்க ஊர்க்கூட்டம் உட்காரும்போது பந்தலில் கை வைக்க மாட்டார்கள், சீரியல் லைட்டில் கை வைக்க மாட்டார்கள். முதல் வெட்டு நாடகத்துக்கும் கரகாட்டத்துக்கும்தான். "இந்த வருஷம் பொங்கல் மட்டும் வச்சுக்குவோம்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஒரு ஊருக்கு அது ஒரு ராத்திரிச் செலவு. ஆனால் மழை ஒரு ஊருக்கு மட்டும் பொய்ப்பதில்லை. சுற்றிலும் உள்ள அத்தனை ஊரும் அதே மாசத்தில் அதே முடிவை எடுக்கின்றன. தவில்காரருக்கு வர வேண்டிய வருஷ வருமானம் முழுக்க ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. மழை மட்டும்தான் காரணம் என்றில்லை: கொரோனா வந்த 2020-இல் அழகர் வைகையில் இறங்கவில்லை. மீனாட்சி கல்யாணத்தைத் திரையில்தான் பார்த்தோம். 2021-இலும் ஜனம் இல்லாமலே சித்திரை போனது. அடுத்தடுத்து இரண்டு சீசன் போனதில் வாத்தியத்தை அடகு வைத்தவர்களும், கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போனவர்களும் இருக்கிறார்கள். போன எல்லோரும் திரும்பவில்லை.

ஊர்க் கமிட்டி, குடியிருப்போர் நலச் சங்கம், இளைஞர் மன்றம், வெளியூரில் சம்பாதிக்கும் ஊர்ப்பிள்ளைகள் ஆகியோர் கை இறுகிய காலத்திலும் தங்கள் வட்டாரத்துக் கலைஞர்களை எப்படித் தாங்கலாம் என்பதற்கான நடைமுறை இது. இரக்கப்பட்டு அரிசி மூட்டை கொடுப்பதைப் பற்றி இதில் அதிகம் இராது. வேலை கொடுப்பது, வாத்தியத்தைக் காப்பாற்றுவது, அரசுக் காகிதத்தை முடித்துக் கொடுப்பது ஆகிய மூன்றும்தான் நின்று பலன் தருபவை.

எது உடைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நையாண்டி மேளம் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, தாளம். கரகம் ஆடுகிறவர்களையும் சேர்த்தால்தான் அது ஒரு செட்டு. மேளத்து ஏழு பேரில் ஒரு தவில்காரர் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டால் ஏழில் ஒரு பங்கு போனதாகக் கணக்குப் போட முடியாது. மொத்தச் செட்டும் நிகழ்ச்சிக்குத் தேதி எடுக்க முடியாமல் உட்காரும். ஸ்பெஷல் நாடகத்திலும் அப்படியே: பபூன், டான்ஸ், ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பின்பாட்டு பாடும் ஆர்மோனியக்காரர், மிருதங்கம், ஆல்ரவுண்டு (மற்ற தாள வாத்தியங்களை வாசிப்பவர்) என்று ஒவ்வொருவரும் தனித்தனி ஊரிலிருந்து தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில் ஏறி, விடிய விடிய ஒரு கதையை நடத்திக் கொடுக்கிறார்கள். 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த பாட்டும் தர்க்கமும் (மேடை வாக்குவாதம்) எல்லோர் மனசிலும் ஒன்றுபோல இருப்பதால்தான் இது முடிகிறது. அந்தப் பொதுப் பாடம் தெரிந்தவர் ஒருவர் குறைந்தால் அவர் இடத்தில் நிற்க வேறொருவர் தயாராவதற்குப் பல வருஷம் ஆகும்.

நாதஸ்வரக்காரர் ஆறு மாசம் செங்கல் தூக்கினால் உதடும் மூச்சும் இறங்கிவிடும். தவில்காரர் விரல் காய்ப்புப் போய்விடும். அதற்குள் அவர் மகன், "இந்தத் தொழில் நமக்கு வேண்டாம்" என்று முடிவு செய்திருப்பான். ஆகவே உங்கள் வேலை ஒன்றே ஒன்று: மோசமான வருஷத்தைச் செட்டு கலையாமல் தாண்ட வைப்பது. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

"நமக்கே இல்லாதபோது இதெல்லாம் எதுக்கு?" என்று கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு நாடக ராத்திரியில் யார் யாருக்குக் காசு போகிறது என்று அவர் முன்னாலேயே எண்ணிக் காட்டுங்கள். மேடை போடுகிறவர், மைக் செட்டு, ஜெனரேட்டர், வேன் டிரைவர், பூக்காரம்மா, டீக்கடை, வளையல் கடை, பலூன்காரர். கலைஞரின் கூலி வெட்டப்படும்போது இவர்கள் எல்லோருடைய கூலியும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசு 1935 முதல் ஓவியர், இசைக்காரர், நடிகர், எழுத்தாளர் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பொதுக் கட்டடங்களில் ஓவியம் வரையவும் ஊர் ஊராக நாடகம் போடவும் வைத்தது. சும்மா கொடுக்காமல் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுத்தார்கள். ஊர் அளவில் நாம் செய்யப்போவதும் அதே வழிதான்.

நோட்டுப் போடுதல்

முதல் மாசம் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, உங்கள் ஊரிலும் சுற்றி பத்து கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கலைஞர்களை எழுதுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், ஆதாரில் உள்ள பெயர் (மேடைப்பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும்), என்ன வாத்தியம் அல்லது என்ன வேஷம், எந்தச் செட்டு, செல் நம்பர், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை உண்டா, புதுப்பிக்க வேண்டிய தேதி என்ன, வங்கிக் கணக்கு ஓடுகிறதா, வாத்தியம் கையில் இருக்கிறதா அடகில் இருக்கிறதா, போன வருஷம் எத்தனை தேதி, இந்த வருஷம் எத்தனை. கடைசி இரண்டு கேள்வியைத் தவறவிடாதீர்கள். யாருக்கு அடி அதிகம் என்று அதிலிருந்துதான் தெரியும்.

கலைஞர்களின் பட்டியல் கோயில் கமிட்டியிடம் முழுசாக இருக்காது. மைக் செட்டுக்காரரிடம் கேளுங்கள். எந்த ஊரில் யார் வாசித்தார்கள் என்று அவருக்குத்தான் நினைவிருக்கும். வேன் டிரைவருக்கும் தெரியும். மேடையில் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள்: மேக்கப் போடுகிறவர், டிரஸ் வாடகைக்கு விடுகிறவர், தோல் கட்டுகிறவர், வயசாகி ஆட்டத்தை விட்ட கரகக்காரம்மா. மதுரைப் பக்கத்து விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிறவர்களும், புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண் குதிரை செய்யும் வேளார்களும் இந்த நோட்டில் வர வேண்டியவர்களே. அவர்களுக்கும் வேலை சீசனில்தான். பெண் கலைஞர்களிடம் விவரம் கேட்கப் பெண்களையே அனுப்புங்கள். ஆண்கள் போய் நின்றால் கடன் விவரம் வாயில் வராது.

பணம்

பெரிய தொகையைக் குறிவைத்தால் இரண்டாம் மாசமே நின்றுவிடும். வீட்டுக்கு மாசம் 50 ரூபாய் போதும். 200 வீடு என்றால் மாசம் 10,000, வருஷம் 1,20,000. கிராமத்தில் மாசா மாசம் காசு புரளாது. அறுவடை முடிந்ததும் தையில் ஒரே தடவையாக நெல்லாகவோ காசாகவோ வாங்கிவிடுங்கள். களத்துமேட்டில் கலைஞருக்கு நெல் அளக்கிற பழக்கம் நம் பக்கம் முன்பே உண்டு. ஆனால் அந்தப் பழைய முறையில், நெல் வாங்கியவர் ஊர் கூப்பிட்ட சாவுக்கெல்லாம் பறை அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அதை மறுபடி உயிர்ப்பிக்கக் கூடாது. இந்த நிதியிலிருந்து வாங்கியவருக்கு எந்தக் கடமையும் கிடையாது என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள்.

1,20,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? ஓர் உதாரணத்துக்கு: நிகழ்ச்சிகளுக்கு 60,000, வாத்தியப் பழுதுக்கும் அடகு மீட்கவும் 30,000, சொல்லிக்கொடுக்கும் ஆசானுக்கு மாசம் 1,500 வீதம் 18,000, அவசரத்துக்கு 12,000. அறுபதாயிரத்தில் நான்கு நிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் 15,000. அதற்குள் எது அடங்கும் என்பதைச் செட்டுத் தலைவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அடங்காவிட்டால் நான்கை மூன்றாக்குங்கள். ஆள் கூலியில் பேரம் பேசாதீர்கள். பஞ்ச காலத்தில் ஒருமுறை இறங்கிய கூலி நல்ல காலத்திலும் ஏறாது. "போன தடவை இதுக்குத்தானே வந்தீங்க?" என்று அடுத்த ஊரும் கேட்கும்.

கணக்கை மூன்று பேர் பெயரில் வையுங்கள், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று. மூவரில் ஒருவர் கலைஞராக இருக்கட்டும். ஏற்கெனவே பதிவான சங்கம் இருந்தால் அதிலேயே தனிக் கணக்கு போதும். வெளியூர்க்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை வாங்கப்போகிறீர்கள் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளுங்கள். வரவு செலவை மாசம் ஒருமுறை சாவடிச் சுவரில் ஒட்டுங்கள். வசூல் சாதாரணமாக மூன்று நான்கு மாசத்தில் தொய்யும். ஏமாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகத்தால் தொய்வதைவிட, எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் தொய்வதே அதிகம். புதுத் தோல் கட்டிய தவிலின் போட்டோவைக் கணக்குக்குப் பக்கத்திலேயே ஒட்டினால் அடுத்த மாச 50 ரூபாய் தானாக வரும்.

அவசர நிதியில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆஸ்பத்திரி, சாவு, பிள்ளையின் பீஸ் இந்த மூன்றுக்கு மட்டும் என்று வரையறுத்துவிடுங்கள். வாங்கியவர் பெயரைச் சுவரில் ஒட்ட வேண்டாம்; தொகை மட்டும் போதும்.

வேலை கொடுத்தல்

காசு வெறும் மாசத்தில் போய்ச் சேர வேண்டும். நம் பக்கத்துக் கலைஞர்களுக்கு மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி ஓடி ஓடி வாசிக்கிற காலம். ஆடியில் அம்மன் கோயில் இருந்தாலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாண மேளம் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே உங்கள் நிகழ்ச்சிகளைப் புரட்டாசி முதல் மார்கழி வரைக்குள் வையுங்கள். சித்திரையில் ஊரே கூப்பிடும்போது நீங்களும் கூப்பிடுவது உதவியாகாது.

மழைக்காலம் என்பதால் மந்தையில் (ஊர்ப் பொதுத் திடலில்) மேடை போட்டால் பாதி நாள் நனையும். பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபம், பெரிய சாவடி பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விடிய விடிய நடக்கும் நாடகத்துக்குக் காவல் நிலைய அனுமதி ஒவ்வொரு தடவையும் இழுபறிதான். எப்படியிருந்தாலும் பத்து நாளைக்கு முன்பே மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாள் போனால் நிகழ்ச்சி நின்றுபோகலாம். வந்து இறங்கிய செட்டு பஸ் செலவோடு திரும்பும்.

நாடகத்தை மூன்று மணி நேரமாக்கச் சொன்னால் செட்டுக்காரர்களுக்குச் செய்யத் தெரியும். என்ன வெட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: நேரத்தைக் குறைக்கலாம், ஆளைக் குறைக்கக் கூடாது. பபூனும் டான்ஸும் கதைக்கு வெளியே இருக்கிறார்கள் என்று அவர்களை நீக்கினால் நீங்கள் தாங்க வந்த நோக்கமே போய்விடும். வள்ளி திருமணம் என்றால் தர்க்கத்துக்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஜனம் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கும்.

சவுண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். ஹாலுக்குள் வாசிக்கும் பறைக்கு மைக்கே வேண்டாம். நாதஸ்வரத்துக்கு அணசிலிருந்து (குழலின் விரிந்த முனை) மூன்று அடி தள்ளி ஒரு மைக். தவிலுக்கு வேண்டாம், வைத்தே தீர வேண்டும் என்றால் வால்யூமை நன்றாக இறக்கி ஒன்று. நாடகத்துக்கு மேடை முகப்பில் மூன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று. ஆளுயரப் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கினால் வாடகை கலைஞர் கூலியைத் தாண்டிவிடும். சவுண்டு பில் ஆள் கூலியில் கால் பங்குக்கு மேல் போனால் பட்ஜெட்டைக் கிழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

தேதி உறுதியானதும் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கம் இருக்கட்டும்; கூடவே ஒரு பக்கத்துக் காகிதமும் இருக்கட்டும். இப்படி எழுதினால் போதும்:

"கார்த்திகை __-ஆம் தேதி, மாலை 6.30 முதல் 9.30 வரை. நையாண்டி மேளம் 7 பேர், கரகம் 2 பேர், ஆக 9 பேர். மொத்தக் கூலி ரூ. ______. இன்று அட்வான்ஸ் பாதி ரூ. ______. மீதி, மேளம் தொடங்குமுன் செட்டுத் தலைவர் கையில். போக வர வேன் எங்கள் பொறுப்பு. சாப்பாடு, உடை மாற்றப் பூட்டுள்ள அறை, கழிப்பறை எங்கள் பொறுப்பு. எங்கள் பக்கம் நிகழ்ச்சி நின்றால் அட்வான்ஸ் திருப்பிக் கேட்கப்பட மாட்டாது; முந்தின நாளோ அன்றைக்கோ நின்றால் மீதியிலும் பாதி தரப்படும். ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேல் வாசிக்கச் சொன்னால் மணிக்கு ரூ. ____."

இரண்டு நகல், இரண்டிலும் இரு தரப்புக் கையெழுத்து. மீதியைத் தொடங்குமுன் கொடுக்க வேண்டும் என்பதில் சிலர் முகம் சுளிப்பார்கள். கூலிக்காக நள்ளிரவில் பொருளாளர் வீட்டு வாசலில் ஒன்பது பேர் காத்து நிற்பதும், "காலையில வாங்கிக்கங்க" என்று கதவைச் சாத்துவதும் இன்னும் நடக்கிறது. அதை நிறுத்த இந்த ஒரு வரி போதும். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று ஏஜென்டிடம் எழுதி வாங்கி, முடிந்தால் அவரவர் கணக்கில் நேராகப் போடுங்கள். ஏஜென்டுக்கு உரிய கமிஷனைத் தனியாகக் கொடுங்கள்; அவரும் தேதி ஓடினால்தான் பிழைக்கிறவர்.

நிகழ்ச்சி முடிந்ததும் தேதி தெரியும் நோட்டீஸ் ஒன்று, மேடைப் படம் ஒன்று, கமிட்டி லெட்டர்பேடில் "இன்னார் இன்ன தேதியில் இன்ன கலை நிகழ்த்தினார்" என்ற கடிதம் ஒன்று, இந்த மூன்றையும் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுங்கள். முப்பது வருஷம் ஆடியவரிடம் ஆடியதற்கு ஒரு அத்தாட்சி இருக்காது. நல வாரியத்திலும் விருது விண்ணப்பத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.

வாத்தியம்

வாத்தியம் கெட்டால் வேலை வந்தும் பிரயோசனமில்லை. ஐப்பசி ஈரத்தில் பறைத் தோல் தொய்யும். வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். ஈரம் ஏறிய தோலை அவசரமாகக் காய்ச்சினால் ஓரத்தில், சட்டத்தைப் பிடிக்கும் இடத்தில், முடி போல ஒரு கீறல் விழும். அன்றைக்குச் சத்தம் வித்தியாசம் தெரியாது. நாலு நிகழ்ச்சி தாண்டினால் அந்தக் கீறல் நடுத் தோலுக்கு ஓடி, அடி விழும்போது பொத்தென்று கேட்கும். பிறகு தோலை உரித்து, வேப்பஞ்சட்டத்தைச் சுரண்டி, புளியங்கொட்டைப் பசை தடவிப் புதுத் தோல் இழுத்து நிழலில் காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அது காயாது. ஆகவே தோல் மாற்றும் செலவை ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள். அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தது நம் பக்கத்துக்கே பெருமை. அந்தப் பெருமையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது ஆவணியில் கொடுக்கிற இந்தத் தோல் காசுதான்.

நாதஸ்வரத்தில் எல்லோரும் ஆச்சாமரக் குழலைத்தான் பார்ப்பார்கள். செலவு வைப்பது வாயில் வைத்து ஊதும் சீவாளி. நாணல் தட்டையில் செய்த அந்தச் சிறு துண்டு தேயும், பிளக்கும், ஈரத்தில் சுருதி மாறும். அதனால்தான் கயிற்றில் நாலைந்து தொங்கும். எந்த ஊர்க் கணக்கிலும் சீவாளிக்கு ஒரு வரி இருப்பதில்லை. உங்கள் கணக்கில் இருக்கட்டும். தவிலில் புது மாடல் ஸ்டீல் வளையமும் போல்ட்டும் போட்டது. பழையது வார் பிடித்தது. எது வேண்டும் என்று வாசிக்கிறவர் சொல்லட்டும், நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ஆர்மோனியத்தில் துருத்தி கிழிவதும் எலி கடிப்பதும்தான் வழக்கமான பழுது.

பழுதுக் காசைப் பழுது பார்க்கிறவரிடமே நேராகக் கொடுப்பது நல்லது. கலைஞர்மேல் நம்பிக்கை இல்லாததால் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் அரிசி இல்லாதபோது கையில் வந்த 3,000 ரூபாய் தோலுக்குப் போகாது, போகவும் கூடாது. அவர் மனசாட்சிக்கும் வயிற்றுக்கும் நடுவில் அந்தச் சண்டையை நாம் மூட்ட வேண்டாம். கூடவே, தோல் கட்டுகிறவருக்கும் வேலை கிடைக்கிறது.

அடகில் இருக்கும் வாத்தியத்தை மீட்பது என்றால் மார்கழி கடைசி வாரத்துக்குள் மீட்டுவிடுங்கள். தை பிறந்ததும் தேதி வரத் தொடங்கும். வாத்தியம் இல்லாதவர் வாடகைக்கு எடுத்து வாசித்தால் கூலியில் பாதி வாடகைக்கே போகும், வட்டி அங்கே ஏறிக்கொண்டிருக்கும்.

அரசுக் காகிதங்கள்

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் தொடங்கியது. உறுப்பினராக இருந்தால் கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. வயதாகி நலிந்த கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவியும் உண்டு. பலர் உறுப்பினராகி, புதுப்பிக்காமல் விட்டு, ஆபத்து வந்தபோது அட்டை செல்லாது என்று திரும்பியிருக்கிறார்கள். நோட்டில் எழுதிய புதுப்பிப்புத் தேதி இதற்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போடுங்கள். லேப்டாப், பிரின்டர், போட்டோ எடுக்க வெள்ளைத் துணி, ஊரில் படித்த பிள்ளைகள் நாலு பேர் போதும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்பதே முதல் வேலை. ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் மேடைப்பெயர் என்று இருந்தால் பணம் வந்த வழியே திரும்பும். இரண்டு வருஷமாகத் தொடாத கணக்கு முடங்கியிருக்கும். வங்கிக்கு ஆளைக் கூட்டிப்போய் அடையாள விவரங்களைப் (கேஒய்சி) புதுப்பித்துக் கணக்கை உயிர்ப்பித்துவிட்டுத்தான் விண்ணப்பம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். 16 முதல் 59 வயது வரை உள்ளவர்களை, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவான ஈ-ஷ்ரமில் பதியுங்கள்.

மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயது வாரியாக இருக்கின்றன: 18 வயதுக்குள் கலை இளமணி, 19–35 கலை வளர்மணி, 36–50 கலைச் சுடர்மணி, 51–65 கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. கலை பண்பாட்டுத் துறை விண்ணப்பம் கேட்கும்போது உங்கள் நோட்டிலிருந்து வயதுக்கு ஒருவரையாவது அனுப்புங்கள்.

மரியாதை

இதற்குக் காசு வேண்டாம், ஆனால் இதில்தான் அதிகம் தவறுகிறோம். கரகம் ஆட வந்த பெண்கள் வேனுக்குள் சேலை மாற்றுவதும், கழிப்பறை இல்லாமல் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. உள்தாழ்ப்பாள் உள்ள அறை, பக்கத்தில் கழிப்பறை, காவலுக்கு ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். இந்த மூன்றும் இல்லையென்றால் தேதியே கொடுக்காதீர்கள். ஆட்டக்காரி மேல் ரூபாய் நோட்டுக் குத்துவதை மைக்கில் சொல்லித் தடுங்கள். அன்பளிப்புக் கொடுக்க விரும்புகிறவருக்கு மேடை ஓரத்தில் ஒரு உண்டியல் வையுங்கள், முடிவில் செட்டு பிரித்துக்கொள்ளட்டும். பறைக்காரருக்கும் ஊராருக்கும் ஒரே பந்தி, ஒரே இலை. அதற்குச் சம்மதிக்காத கமிட்டி மற்றதையெல்லாம் செய்தும் பயனில்லை.

சொல்லிக்கொடுத்தல்

வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், அதிகபட்சம் பத்துப் பிள்ளைகள். இரண்டு பிள்ளைகள் வந்தாலும் ஆசானுக்கு முழுச் சம்பளம். பரீட்சை மாசத்தில் யாரும் வர மாட்டார்கள்; அந்த மாசமும் கொடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவைக் குறிவைத்துப் பயிற்சி தொடங்கினால் பெற்றோர் சுலபமாக அனுப்புவார்கள்.

காசே சேராத ஊருக்கு

இவ்வளவும் முடியாது, மொத்தமாக 2,000 ரூபாய்தான் தேறும் என்றால் அதிலும் ஒன்று செய்யலாம். செட்டுக்காரர்கள் நடுராத்திரி வேனில் தூக்கக் கலக்கத்தோடு பயணம் செய்கிறவர்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு ஆளுக்கு வருஷம் 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 2,000 ரூபாயில் நூறு பேருக்குக் கட்டலாம். 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வருஷம் 436 ரூபாயில் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும் இருக்கிறது. அதைக் கட்ட முடிந்தவர்களுக்குக் கட்டுங்கள்.

இந்தக் காப்பீடு ஜூன் 1 முதல் மே 31 வரை. பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். அந்த நேரத்தில் கணக்கில் 20 ரூபாய் இல்லையென்றால் அந்த வருஷக் காப்பு அறுந்துவிடும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். மே மாதம் வைகாசித் திருவிழாக்களில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் மாசம். மே 20-ஆம் தேதி வாக்கில் ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் போன் போட்டு, "கணக்குல காசு இருக்கா அண்ணே?" என்று கேட்டு, பக்கத்தில் டிக் அடித்துவிட வேண்டும்.